இரண்டரை ஷில்லிங் துவக்கு

மாத்தளை மாவட்டத்தில், நாலந்தைப் பக்கத்துக் கொக்கோத் தோட்டமொன்றில் என் தாத்தா இராக்காவல் பார்த்தார். பங்களாவுக்குச் சொந்தமான ஒற்றைக்குழல் துவக்கு இரவில் அவரிடம் இருக்கும். பழைய கோட்டின் வலப் பையில் வௌவாலுக்கும் மரஅணிலுக்குமான சிறு சன்னத் தோட்டா. இடப் பையில் பன்றிக்கான எஸ்.ஜி. தோட்டா. "இருட்டில பை மாறக்கூடாது" என்பார். துவக்கு ஒன்றேதான். தெரிவெல்லாம் தோட்டாவில்தான்.

எந்த வேட்டைக்கு எந்தத் துவக்கு என்ற கேள்வி, பல துவக்குகள் வைத்திருந்தவர்களுக்கே உரியது. அவர்களுள் முக்கியமானவர் சாமுவேல் பேக்கர். இலங்கை வேட்டை அனுபவங்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் பெயரிலேயே றைபிளும் வேட்டைநாயும் சேர்ந்து நிற்கின்றன. அவரது கனத்த றைபிளின் நிறை 21 றாத்தல். அதன் குண்டு 3 அவுன்ஸ். யானையின் தடித்த மண்டையோட்டைத் துளைத்து மூளையை எட்ட அத்தகைய பாரம் வேண்டியிருந்தது. முட்காட்டில் யானை சில அடி தூரத்தில்தான் தென்படும். ஆகவே அங்கே தூரத்தை விடக் குண்டின் கனமே முக்கியம். மின்னேரியாவின் திறந்த வெளியில் எருமையைச் சுடுவது வேறு கதை. உட்புறம் வரிவெட்டிய குழல் குண்டைச் சுழலவைத்து நேராகச் செலுத்தும். வழுவழுப்பான குழலோ தூரம் கூடக்கூடக் குறி தவறும். நுவரெலியாவில் மரை வேட்டைக்கு அவர் பெரும்பாலும் துவக்கே எடுப்பதில்லை. நாய்களும் கத்தியும் போதுமாயிருந்தன.

அக்காலத் துவக்குகளுக்கு வாய்வழியே மருந்திட்டுக் குண்டை இடிக்க வேண்டும். பாய்ந்துவரும் யானை அதுவரை காத்திராது. எனவே இரண்டாவது துவக்கை ஏந்தி ஒருவன் பின்னால் நிற்பான். துரை எவ்வளவு நல்ல துவக்கைத் தெரிந்திருந்தாலும், அவன் ஓடிவிட்டால் பயனில்லை. நேயர்களே, 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸின் பெயர் நமக்குத் தெரியும்; 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து அவர் இறந்ததும் தெரியும். அவருக்குப் பின்னால் நின்றவர்களின் பெயரை யார் அறிவார்?

சேனைக் குடியானவனிடம் இருந்ததோ ஒரேயொரு நீளத் துவக்கு. குருவிக்கும் பன்றிக்கும் அதுவே. யானையை விரட்ட வெறும் வெடிக்கும் அதுவே. அது அவனுக்குப் பொழுதுபோக்கன்று, விளைச்சலின் வேலி.

அந்த வேலிக்குத்தான் 1848இல் வரி வந்தது. தேசாதிபதி டொறிங்டனின் அரசு துவக்கொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் கேட்டது. நாய்க்கும் கடைக்கும் வரி. தெருவுக்கு உடலுழைப்பு அல்லது பணம். இதிலொரு விநோதம் உண்டு. அநுராதபுரமும் அடங்கியிருந்த அன்றைய வட மாகாணத்தில், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் 3,500 யானைகளைக் கொன்றதற்காக அதே அரசு சன்மானம் கொடுத்திருந்தது. யானையைக் கொன்றால் பரிசு. பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருந்தால் வரி!

துவக்கு வரி மட்டுமே கிளர்ச்சிக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. காணி பறிபோன கோபம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. 1848 ஜூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். இரு நாட்களில் புரன் அப்புவின் கூட்டம் மாத்தளைக்குள் புகுந்தது. மறுநாள் இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்ட் 8இல் கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். வேட்டைத் துவக்குக்கும் படைத் துவக்குக்கும் உள்ள வேறுபாட்டை மாத்தளை அன்று தன் உடலில் அறிந்தது.

அவர்கள் வந்த அதே வடபாதையில்தான், மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நம் முன்னோரும் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். அவர்கள் கையில் துவக்குமில்லை. வரி கேட்க நாயுமில்லை. நம் பக்கத்துக் கதையில் துவக்கு நுழைந்தது காவற்காரனின் கையில்தான், அதுவும் இரவலாக.

1937இல் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1984இல் வஸ்கமுவ தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் காட்டோரத்தில் யானைக்கும் பயிருக்குமிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

சிறுவனாக ஒருநாள் கேட்டேன்: "தாத்தா, யானை வந்தா எந்தப் பை?"

சிரித்தார். "யானைக்குப் பை கிடையாதுடா. தகரம்தான்."

காவற்குடிலின் மூலையில், கம்பில் கட்டிய பழைய மண்ணெண்ணெய்த் தகரமொன்று தொங்கிக்கொண்டிருந்தது.