மலையாளி என்றொரு பெயர்

கரியாலூரில் யாராவது 'மலையாளி' என்றால் கேரளாவைத் தேடாதீர்கள். கல்வராயன் மலைப் பழங்குடியினரின் பெயர் அது. பேசுவது தமிழ், பெயருக்குப் பின்னால் கவுண்டர்.

காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று சகோதரர்கள் கிளம்பி ஆளுக்கொரு மலை ஏறினார்களாம். 1909-இல் எட்கர் தர்ஸ்டனும் இந்தக் கதையைப் பதிந்திருக்கிறார். அது நடந்ததா என்பதைவிட, கீழிருந்து வந்தோம் என்று ஒரு சமூகமே நினைவு வைத்திருப்பதுதான் எனக்கு வரலாறு.

ஆனா அரசாங்கத்துக்குப் பெயர் மட்டும் போதாது, மாவட்டமும் வேணும். பட்டியல் பழங்குடிகளில் 'மலையாளி' சில மாவட்டங்களுக்கு மட்டுமே. பழைய தென்னார்க்காடு அதில் உண்டு. அதனால் கரியாலூருக்குச் சான்றிதழ் உண்டு. பழைய கோயம்புத்தூர் இல்லை; அதனால் ஈரோட்டின் பர்கூர் மலைக்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டன் எந்த மலை ஏறினான் என்பதுதான் பேரனின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது.