ராஜபாளையம் நாயும் அதன் வெள்ளை நிறமும்

ராஜபாளையம் நாயை உருவாக்கியவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்து வேட்டைக்காரர்களும் காவல்காரர்களும். விஜயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் ஆந்திரத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ராஜுக்கள் என்ற சமூகத்தாரின் பெயரோடு இந்த நாயைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். மலையிலிருந்து இறங்கிப் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை எதிர்க்க, உயரமும் எலும்புப் பலமும் உள்ள நாய் தேவைப்பட்டது. பன்றியிடம் பின்வாங்கிய நாயை யாரும் இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளவில்லை. துணிந்த நாய்க்கே குட்டிகள் கேட்டு வந்தார்கள்.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஆலங்குளம், வெம்பக்கோட்டைப் பக்கம் விரியும் கரிசல் நிலத்தில் தேவை வேறு. மறைவில்லாத வெட்டவெளியில் ஓடும் முயலைக் கண்ணால் பார்த்தே துரத்த வேண்டும். அதனால் கரிசலின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, வெயிலைத் தாங்கும் குட்டை ரோமம் எல்லாம் அமைந்தன. அடிவாரத்துக்கும் கரிசலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனாலும் வேலை பிரிந்ததால் நாயும் பிரிந்தது.

டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயம் இப்படிப்பட்ட வளர்ப்பு விலங்குகளைப் பற்றியதே. புறா வளர்ப்பவர் சில தலைமுறைகளில் செய்வதை, இயற்கை மிக நீண்ட காலத்தில் செய்கிறது என்பதே அவர் காட்டிய வழி. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் சில வழிவழியாகத் தொடர்கின்றன. எந்தக் குட்டி அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதை மனிதன் முடிவுசெய்தால் அது செயற்கைத் தேர்வு.

ராஜபாளையம் நாயின் பிற்காலக் கதை இந்தத் தேர்வின் ஆபத்தைக் காட்டுகிறது. வேட்டை குறைந்து, காவலும் கௌரவமும் முன்னுக்கு வந்தபோது தூய வெள்ளை ரோமமும் சிவந்த மூக்கும் அடையாளமாயின. கறுப்பு, பழுப்பு, புள்ளி விழுந்த குட்டிகள் ஒதுக்கப்பட்டன, கொல்லப்பட்டதும் உண்டு. வெள்ளை மட்டும் நிலைத்தது, கூடவே காது கேளாமையும் நிலைத்தது. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் உள்ளன. அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். எல்லா வெள்ளை நாயும் செவிடல்ல என்றாலும், இந்த இனத்தில் இக்குறை நன்கு அறியப்பட்டது. நீலக்கண் பூனைகளின் செவிட்டுத்தன்மையை டார்வினும் அதே அத்தியாயத்தில் குறிப்பிடுகிறார். ஒரு பண்பைப் பிடித்து இழுத்தால் அதோடு கட்டுண்ட இன்னொன்றும் வரும்.

செவிட்டு நாயையும் மனிதன் உணவிட்டுக் காக்கிறான். இயற்கையில் இத்தகைய சலுகை கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டின் சாம்பல் நிற மலை அணில் மரத்துக்கு மரம் தாவியே வாழ்வது. நீண்ட வாலும் பற்றும் நகங்களும் அந்த வாழ்க்கைக்குப் பொருந்தியவை. செவிட்டு அணில் ஒன்று பிறந்தால், இரைதேடும் கழுகு நெருங்கும்போது மற்ற அணில்களின் எச்சரிக்கைக் குரல் அதற்கு எட்டாது. அந்தக் குறை அடுத்த தலைமுறைக்குப் போகும் வாய்ப்பு குறைவு. இந்த அணிலுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபின், நாயைச் சோதித்துப் பார்க்கும் களமே இல்லாமல் போனது. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நான்கு நாய்களில் ராஜபாளையமும் ஒன்று, புகழுக்குக் குறைவில்லை. ஆனால் புகழ் நிறத்தையே தேடுகிறது. இனம் நலமாக இருக்க வேண்டுமானால், கூர்மையாகக் காது கேட்கும் நாய்களையே இணைசேர்க்க வேண்டும். நிறமுள்ள குட்டிகளையும் ராஜபாளையம் என்றே ஏற்க வேண்டும். குட்டி வாங்கப் போகிறவர் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.