சவர்க்காரம் திறந்த வைரஸ்

கலைப்பீடத்துப் பிள்ளைக்கு வைரசோட என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். நோபல் பரிசு வாங்கின ஆராய்ச்சியின் கதையை எல்லாரும் எழுதுவினம். அதுக்கு முந்தின கதை அடிக்குறிப்புக்குள்ள போயிடும். 1970இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு மாட்டு வைரஸை வைத்துச் செய்த பரிசோதனை அப்பிடிப் போனதுதான்.

அந்த வைரஸின் பெயர் வெசிகுலர் ஸ்டொமாடிடிஸ். மாடு, குதிரை, பன்றியின் வாயில், குளம்படியில் கொப்புளம் போடும். பார்த்தால் கால்வாய் நோய் மாதிரியே இருக்கும். எங்கட பக்கம் இது இல்லை, அமெரிக்கக் கண்டங்களின் நோய். 1916இல், முதலாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்க இராணுவக் குதிரைகளுக்குள் பரவியது. பண்ணைக்காரருக்கு நட்டம். ஆனால் வளர்ப்புக் கலங்களில் வேகமாக, ஏராளமாகப் பெருகும் எண்டதால ஆய்வுகூடங்களுக்கு இது வலு வசதி.

இதை டேவிட் பால்டிமோரின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தவர் அலிஸ் ஹுவாங். 1939இல் சீனாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் இதே வைரஸைத்தான். 1968இல் பால்டிமோரைத் திருமணம் செய்தார்.

அவர்களுக்கு முன்னால் ஒரு புதிர் இருந்தது. போலியோ வைரஸின் ஆர்.என்.ஏ.யை மட்டும் தனியே எடுத்துக் கலத்துக்குள் விட்டால், கலம் அதை நேரடியாக வாசித்துப் புரதம் செய்யும், புது வைரஸும் வரும். இந்த மாட்டு வைரஸின் ஆர்.என்.ஏ.யை அப்பிடி விட்டால் ஒண்டும் நடக்காது. ஏனெண்டால் அது தலைகீழ்ப் பிரதி. அதை ஒருக்கா எதிர்ப்படியாக எடுத்தால்தான் கலத்துக்கு விளங்கும். படியெடுக்கும் நொதியமோ கலத்திடம் இல்லை. நொதியத்தைச் செய்ய பரம்பரையலகை வாசிக்க வேணும், வாசிக்க நொதியம் வேணும். கோழியா முட்டையா கதைதான்.

அப்ப வைரஸே நொதியத்தைக் கையோடு கொண்டு வருதோ? அம்மை வைரஸ் இனத்தைச் சேர்ந்த வக்சினியாவுக்குள் 1967இலும், ரியோவைரஸுக்குள் 1968இலும் இப்படி நொதியங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஹுவாங்கும் பால்டிமோரும் ஆராய்ச்சி மாணவி மார்த்தா ஸ்டாம்ஃபரும் தூய்மைப்படுத்திய வைரஸைச் சோதனைக் குழாயில் போட்டு, ஆர்.என்.ஏ. செய்வதற்கான மூலப்பொருட்களைக் கதிரியக்க அடையாளத்தோடு சேர்த்தார்கள். கலம் எதுவுமில்லை. வைரஸின் கொழுப்பு உறையைத் திறக்க மென்மையான சவர்க்காரப் பொருள் ஒன்றும் சேர்த்தார்கள். உறை திறந்ததும் உள்ளே இருந்த நொதியம் விழித்துக்கொண்டு புது ஆர்.என்.ஏ. செய்யத் தொடங்கியது.

பால்டிமோர் அங்கேயே நிற்கவில்லை. அதே கேள்வியை எலிகளின் புற்றுநோய் வைரஸிடம் கேட்டார். அது ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ. செய்யும் நொதியத்தைக் காட்டியது. ஹவர்ட் டெமினும் சதோஷி மிசுதானியும் கோழிகளின் வைரஸில் தனியாக அதையே கண்டிருந்தார்கள். இரண்டு கட்டுரைகளும் 1970 ஜூனில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. மாட்டு வைரஸ் கட்டுரை வந்ததும் அதே ஜூனில், வேறொரு இதழில். 1975இல் நோபல் பரிசு பால்டிமோருக்கும் டெமினுக்கும், கூடவே ரெனாட்டோ டுல்பெக்கோவுக்கும் போனது.

ஹுவாங்கின் பரிசைப் பறித்துவிட்டார்கள் எண்டு நான் சொல்ல வரேல்ல. புற்றுநோய் வைரஸ் கட்டுரையை பால்டிமோர் தனியாகத்தான் எழுதினார். ஆனால் 'உறைக்குள்ள தேடிப் பார்' எண்ட பழக்கம் அவருக்கு வந்தது இந்த மாட்டு வைரஸ் வழியாக. பரிசு கடைசிப் படியைத்தான் பார்க்கும், முதல் படியை எழுதுறது வரலாறு படிக்கிற எங்கட வேலை. டெமினோடு பெயர் போட்ட மிசுதானியும் மேடையில் இல்லை எண்டதையும் சேர்த்துப் பாருங்கோ. ஹுவாங் பின்னர் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் தலைவரானார்.

விசர்நாய்க்கடி, சின்னமுத்து, எபோலா எல்லாத்தினதும் வைரஸ்கள் இதே தலைகீழ் ஆர்.என்.ஏ. வகைதான், அவையும் நொதியத்தைக் கூடவே காவித் திரிபவை. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எபோலா தடுப்பூசி எர்வெபோ, எபோலாவின் மேற்பரப்புப் புரதத்தைப் போர்த்திய மாட்டு வைரஸ்தான். ஊசி போட்டதும் கலத்துக்குள் முதலில் வேலை தொடங்குவது, 1970இல் சோதனைக் குழாயில் விழித்த அதே நொதியம்.