சிப்பியின் அகமும் மனித நெஞ்சும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

உயிருள்ள உடலைப் பிளக்காமல் அதன் அகத்தைக் காண்பது நவீன விஞ்ஞானத்தின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. ஆயின், கருவி எதனைக் காட்டுகிறது, எவருக்காகக் காட்டுகிறது என்னும் வினாக்களை ஒதுக்கிவிட்டு அதன் வரலாற்றை எழுத முடியாது. மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1905 இல் மறிச்சுக்கட்டியில் நிகழ்ந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கற்பாரத்தோடு மூச்சடக்கி மூழ்கிய குளியாளர் பெற்றது மூன்றிலொரு பங்கு; எஞ்சியது அரசுக்குரியது. அரசின் வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. இவ்விலாபத்தைக் கண்ட பிரித்தானிய மூலதனம், 1906 இல் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்னும் பெயரில், ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது.

சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பதே மரபு. இதனால் முத்தில்லாச் சிப்பிகளும் வீணே மடிந்தன. எக்ஸ் கதிரால் சிப்பியைத் திறவாமலே சோதிக்கலாமென 1901 இல் பிரெஞ்சு விஞ்ஞானி ரஃபேல் துபுவா எடுத்துக்காட்டினார். கம்பனியும் அம்முறையை நாடியது. முத்துள்ளதைத் திறந்து, இல்லாததைக் கடலுக்கு மீட்டால் மூலவளம் அழியாது என்பதே கணக்கு. எனினும் 1907 க்குப் பின்னர் பார்கள் வறண்டன. குத்தகை முழுக்காலமும் நீடிக்கவில்லை. அடுத்த பெருங்குளிப்பு 1925 இலேயே நிகழ்ந்தது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. கடினமான முத்து கதிரை மறித்து நிழலாய் விழும்; மென்தசை அவ்வாறு தெளிவாகத் தோன்றாது. சரக்கைக் காட்டிய அக்கருவி, சரக்கை ஈன்ற உயிரைக் காட்டவில்லை. கம்பனியின் திட்டத்தில் கதிரின் முன் வைக்கப்பட வேண்டியிருந்ததும் சிப்பியே. குளியாளனின் நெஞ்சு அன்று.

மென்தசையைக் காட்டும் கருவியும் கடலோடு தொடர்புடையதே. முதலாம் உலகப்போரில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியச் செவிக்கெட்டாக் கழியொலியைப் படிகத்தால் எழுப்பினார் போல் லாஞ்சவன். 1953 இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் ஆகிய இருவரும், உலோகப் பழுதுகாணும் கைத்தொழிற் கருவியொன்றைக் கொண்டே துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிந்தனர். போரும் ஆலையும் ஈன்ற நுட்பம் நோயாளியிடம் வந்துசேர்ந்தது.

இன்று இதயத்துடிப்பின் ஒழுங்கு பிறழும்போது, தொடைநாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, பிறழ்ச்சிக்குக் காரணமான தசையின் சிறு பகுதியை மின்னாற்றலின் வெப்பத்தால் வைத்தியர் செயலிழக்கச் செய்கின்றனர். எக்ஸ் கதிரில் குழாய் தெரியும். தசைச்சுவர் தெளிவாகத் தெரியாது. இதய அறைக்குள்ளேயே கொண்டுசெல்லப்படும் கழியொலிக் கருவியோ, குழாயின் நுனி தசையைத் தொடுகிறதா, மிகைவெப்பத்தால் நுண்குமிழிகள் எழுகின்றனவா, இதயஉறைக்குள் குருதி கசிகிறதா என்பவற்றை அக்கணமே காட்டுகிறது. சுடும் கைக்கு அது கண்ணாகிறது.

ஆகவே, கருவி தன்னளவில் சுரண்டலுமன்று, விடுதலையுமன்று. அதன் திசையைச் சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சை உரிமையாக நிலைபெற்றுள்ளது. ஆனால் இத்தகைய நுட்பங்கள் எங்கும் பெருநகரங்களிலேயே முதலில் குவிகின்றன. அவை சிலாவத்துறைக் கடற்றொழிலாளியின் நெஞ்சை எட்டும் தூரமே அவ்வுரிமையின் உண்மையான அளவுகோலாகும்.