யின் சியாவ்யான்

சீனக் கராத்தே வீராங்கனை. எதிராளியுடன் நேரடியாக மோதும் குமித்தே பிரிவில், 61 கிலோவுக்குட்பட்ட எடையில் போட்டியிட்டவர். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் தங்கமும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றார்.

கராத்தேயின் வேர்களில் ஒன்று சீனாவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒகினாவாத் தீவின் ஹிகாவொன்னா கன்ரியோ, சீனாவின் பூஜோ நகருக்குச் சென்று சண்டைக் கலை பயின்று ஊர் திரும்பினார். அவருடைய மாணவர் மியாகி சோஜூன் நிறுவியதே கோஜு-ரியு என்னும் கராத்தே மரபு. ஆயினும் போட்டி விளையாட்டாகக் கராத்தேயை உலகெங்கும் பரப்பியது ஜப்பான். சீனாவில் அந்நாட்டுச் சண்டைக் கலையான வூஷுவுக்கே முதலிடம். கராத்தே களத்துக்கு அந்நாடு பிந்தித்தான் வந்தது.

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பாடசாலை விட்டபின் கராத்தே வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் முதலில் பழகுவது கட்டா. எதிரே ஆள் இல்லாமல் அசைவுகளை வரிசை தவறாது செய்துகாட்டுவது. குமித்தேயின் கணக்கு வேறு. குத்துக்கு 1 புள்ளி, உடலில் விழும் உதைக்கு 2, தலையை எட்டும் உதைக்கு 3. ஆனால் அடி கட்டுக்குள் இருக்க வேண்டும். பலமாக இறங்கினால் தண்டனை. டோக்கியோவில் ஆண்களுக்கான அதிகூடிய எடைப்பிரிவு இறுதியில் சவூதி வீரர் தாரிக் ஹமிதி, எதிராளியை மயங்கி விழ வைத்ததாலேயே தங்கத்தை இழந்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளங்குவது கடினம்.

2021 ஓகஸ்ட் 6ஆம் திகதி நிப்பொன் புடோகான் அரங்கில் யின் இறுதிப்போட்டிக்கு வந்தார். எதிரே நின்றவர் 2018 உலகச் சம்பியனான சேர்பியாவின் யொவானா பிரெக்கோவிச். மூன்று நிமிடங்களும் முடிந்தன. இருவரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. முதல் புள்ளியை எடுப்பவருக்குச் சமநிலையிலும் வெற்றி தரும் விதி ஒன்று உண்டு. அதனால் முந்திப் பாய்வதில் இலாபம் உண்டு, பாய்ந்து தவறினால் எதிரடியும் உண்டு. பூச்சியத்துக்குப் பூச்சியமாக முடிந்தால் அந்த விதியும் உதவாது. நடுவர்கள் வாக்களித்தே முடிவு சொல்வார்கள். வாக்கு பிரெக்கோவிச்சின் பக்கம் போயிற்று. யின் அடிபட்டுத் தோற்றார் என்று சொல்ல முடியாத தோல்வி அது.

மறுநாள் 61 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் சீனாவின் இன்னொரு வீராங்கனை கோங் லி வெண்கலம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் சீனாவுக்குக் கராத்தேயில் கிடைத்தவை இவ்விரண்டு பதக்கங்களே. இலங்கை டோக்கியோவுக்கு அனுப்பிய 9 பேரில் கராத்தே போட்டியாளர் எவரும் இல்லை. அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிலும் தெற்காசிய விளையாட்டு விழாவிலும் கராத்தே உண்டு. அதற்கு மேலுள்ள படி உயரமானது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே சேர்க்கப்படவில்லை. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் நிரலிலும் இடமில்லை. பெண்கள் 61 கிலோ குமித்தேயில் ஒலிம்பிக் இறுதிப்போட்டி இதுவரை நடந்தது ஒரே ஒரு தடவை, புள்ளியே விழாத அந்தப் போட்டிதான்.