சிறுவர் கழகங்களில் நடந்த தேர்தல்



ஓர் ஊரிலே பொதுப்பணி செய்வோர் இருவகையினர். ஒருவர் அரசாங்கத்தின் நியமனக் கடிதத்தோடு வருபவர். அவர் சொல்லுக்குப் பின்னால் சட்டமும் சம்பளமும் நிற்கின்றன. மற்றவர் ஊராருள் ஒருவராய் இருந்துகொண்டே, தம் மாலைப்பொழுதையும் ஓய்வு நாளையும் பிறர் பிள்ளைகளுக்காகச் செலவிடுபவர். அவருக்குச் சம்பளமும் இல்லை. ஆணையிடும் உரிமையும் இல்லை. ஆயினும் அவர் அழைத்தால் பிள்ளைகள் கூடுகின்றனர், வேலை செய்கின்றனர், கணக்கு வைக்கின்றனர். இந்த அதிகாரத்தை அவருக்கு அளித்தவர் யார்? தம்மை நடத்துமாறு அவரைக் கேட்டுக்கொண்ட மக்களே அளித்தனர். இவ்வுண்மையை ஒரு பெரிய தேசம் தன் கிராமத்துச் சிறுவரைக் கொண்டு எவ்வாறு கற்றது, கற்றும் அதில் ஒரு பாதியை எவ்வாறு மறந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அத்தேசம் ஐக்கிய அமெரிக்கா. அவ்வியக்கம் 'நான்கு எச் கழகம்' என்று பெயர் பெற்றது.

1902ஆம் ஆண்டு சனவரி மாதம் 15ஆந் திகதி, ஒகையோ மாநிலத்திலே கிளார்க் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடத்து நிலவறையிலே, 30 பேரளவிலான சிறுவரும் சிறுமியரும் கூடினர். கவுண்டி என்பது மாநிலத்தின் ஓர் உட்பிரிவு. நம்மவர் மாவட்டம் என்று கூறுவதை ஒத்தது. பிள்ளைகளைக் கூட்டியவர் அவ்வட்டாரத்துப் பாடசாலைகளின் மேற்பார்வையாளராகிய ஏ. பி. கிரகாம் என்பவர். கமக்காரரின் பிள்ளைகள் பாடசாலையிலே கற்பதற்கும் வீட்டிலே அவர்கள் காண்பதற்கும் யாதொரு தொடர்பும் இல்லையே என்பது அவருடைய கவலை. ஆதலால், நல்ல சோள விதையைத் தெரிந்தெடுத்தல், தோட்டத்திலே மரக்கறி பயிரிடுதல், பாசிச்சாயத் தாளைக் கொண்டு மண்ணின் புளிப்புத் தன்மையைச் சோதித்தல் முதலிய வேலைகளை அவர்களுக்கு வகுத்தார்.

இவற்றோடு வேறொன்றையும் அவர் செய்தார். கழகத்துக்கு உத்தியோகத்தர் வேண்டுமென்றும், அவர்களைப் பிள்ளைகள் தம்முள்ளிருந்தே தெரிவு செய்தல் வேண்டுமென்றும் வைத்தார். தலைவர், உபதலைவர், காரியதரிசி, தனாதிகாரி என்ற பெயர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உரியனவாயின. மண்ணைச் சோதிக்கக் கற்ற அதே கைகள் வாக்களிக்கவும் உயர்ந்தன.

இதே காலத்திலே தென் மாநிலங்களில் வேறொரு காரணத்தினால் இத்தகைய கழகங்கள் தோன்றின. மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒருவகை வண்டு பருத்திக் காய்களைத் துளைத்துப் பயிரை அழித்துக்கொண்டிருந்தது. சீமான் நாப் என்னும் விவசாய அறிஞர், புதிய முறைகளைக் கமக்காரரின் சொந்த நிலத்திலேயே செய்துகாட்ட வேண்டுமென்று கூறி, 1903இல் டெக்சசு மாநிலத்தில் அவ்வேலையைத் தொடங்கினார். ஆயினும் முதியோர் பலர் புத்தக விவசாயத்தை நம்பவில்லை. தந்தையர் கேளாததை மைந்தர் கேட்டனர். 1907இல் மிசிசிப்பி மாநிலத்து ஓம்சு கவுண்டியில் வில்லியம் சிமித் என்ற கல்வி அதிகாரி சிறுவருக்கான சோளக் கழகத்தை ஆரம்பித்தார். 1910இல் தென் கரோலைனாவைச் சேர்ந்த ஜெரி மூர் என்னும் சிறுவன் ஓர் ஏக்கரிலே 228 முக்கால் புசல் சோளம் விளைவித்தான். அயலிலிருந்த பெரியோரின் விளைவை இது பன்மடங்கு விஞ்சியது. அவர்கள் வேலியோரம் வந்து நின்று பையனுடைய வயலைப் பார்த்தனர்.

அதே 1910இல், அதே மாநிலத்தின் ஏக்கன் கவுண்டியில், மேரி குரோமர் என்னும் ஆசிரியை சிறுமியருக்காகத் தக்காளிக் கழகத்தை நிறுவினார். ஒவ்வொருத்திக்கும் ஏக்கரில் பத்திலொரு பங்கு நிலம். பயிரிட்டு, பழத்தைத் தகரத்திலடைத்து, விற்று, வந்த பணத்துக்குக் கணக்கெழுத வேண்டும். இக்கழகங்களிலும் உத்தியோகத்தரைச் சிறுமியரே தெரிவு செய்தனர். ஐக்கிய அமெரிக்காவிலே பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்தது 1920ஆம் ஆண்டிலேயாம். ஆகவே, தாய்க்கு வாக்கில்லாத வீட்டிலிருந்து மகள் கழகத்துக்குச் சென்று வாக்களித்து வந்தாள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1914ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, சனாதிபதி வில்சன் சிமித் - லீவர் சட்டத்தில் ஒப்பமிட்டார். விவசாயக் கல்லூரிகளின் அறிவை ஊரூராகக் கொண்டு செல்வதற்கு மத்திய அரசும் மாநிலங்களும் பணம் வழங்க அச்சட்டம் வழிசெய்தது. கவுண்டிகள் தோறும் விவசாயப் போதனாசிரியர் நியமனம் பெற்றனர். சிறுவர் கழகங்களும் அவர்களுடைய பொறுப்பில் வந்தன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நான்கும் எச் என்ற எழுத்திலே தொடங்குவதால், நாலிலைக் குளோவர் சின்னத்தோடு 'நான்கு எச்' என்னும் பெயர் 1920களில் நாடெங்கும் நிலைபெற்றது.

ஆனால் ஒரு கவுண்டி முழுவதற்கும் ஒரு போதனாசிரியர் எத்தனை கழகங்களுக்குச் செல்ல முடியும்? ஆதலால் ஒவ்வோர் ஊரிலும் ஊதியம் பெறாத தொண்டர் தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். சில இடங்களில் போதனாசிரியரே தக்கவர் ஒருவரைக் கண்டு வேண்டிக்கொண்டார். சில இடங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடி ஒருவரைத் தெரிவு செய்தனர். எம்முறையில் வந்தாலும், பிள்ளைகளின் விருப்பமின்றி அவரால் ஒரு பருவமேனும் நிலைத்திருக்க இயலாது. பிடிக்காத தலைவரின் கூட்டத்துக்குப் பிள்ளை வரமாட்டான், அவ்வளவே. பின்னர்க் கவுண்டிகளிலே இத்தொண்டர்கள் தமக்கெனப் பேரவைகள் அமைத்துக்கொண்டு, அவற்றின் உத்தியோகத்தரையும் வாக்கினால் தெரிவு செய்தனர்.

கூட்டம் நடந்த முறையையும் சிறிது கூறுதல் வேண்டும். தலைவனாகிய சிறுவன் கூட்டத்தைத் தொடக்கி வைப்பான். காரியதரிசி சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பாள். ஒருவன் ஒன்றைப் பிரேரிப்பான். மற்றொருவன் அதனை ஆமோதிப்பான். பின்னர் வாக்கெடுப்பு நடக்கும். தோற்றவன் வெளியேறிப் போகாது அடுத்த வேலையில் கைகொடுத்தல் வேண்டும். தொண்டர் தலைவர் ஒரு மூலையில் அமர்ந்திருப்பார், கேட்டாலன்றிப் பேசார். சனநாயகம் என்ற சொல்லைக் கேளாத பிள்ளைகள் அதன் பழக்கத்தை இவ்வாறு பெற்றனர்.

இனி, இக்கதையின் மறுபக்கத்துக்கு வருவோம்.

1906ஆம் ஆண்டிலே தோமசு மன்றோ காம்பெல் என்னும் கறுப்பின இளைஞர் அலபாமா மாநிலத்தில் விவசாயப் போதனாசிரியராக நியமனம் பெற்றார். கறுப்பினத்தவருள் இப்பதவியை முதன்முதல் ஏற்றவர் அவரே. புக்கர் வாஷிங்டன் நிறுவிய டஸ்கீகிக் கல்விநிலையத்திலிருந்து, கருவிகளும் விதைகளும் ஏற்றிய ஒரு குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு அவர் குடிசை குடிசையாகச் சென்றார். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கழகங்கள் அமைந்தன. பாடசாலையிலும் தேவாலயத்திலும் அவை கூடின. அங்கும் தலைவரும் காரியதரிசியும் தெரிவாயினர். அங்கும் கைகள் உயர்ந்தன.

அப்பிள்ளைகளின் பெற்றோர் நிலை யாது? 1901ஆம் ஆண்டின் அலபாமா அரசியலமைப்பு எழுத்தறிவுச் சோதனையையும் சொத்துத் தகுதியையும் விதித்தது. அன்றியும் வாக்காளர் ஆண்டுதோறும் ஒன்றரை டொலர் தலைவரி செலுத்த வேண்டும்; செலுத்தாத ஆண்டுகளின் தொகை கடனாகச் சேர்ந்துகொண்டே போகும். இவற்றால் கறுப்பினத்தவருள் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். இடாப்பிலே இடம்பெற்ற சிலரும் தப்பவில்லை. 1957இல் அம்மாநிலச் சட்டசபை, சதுரமாயிருந்த டஸ்கீகி நகரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர உருவமாக மாற்றிற்று. அந்நகரின் 400 கறுப்பின வாக்காளருள் நாலைந்து பேரொழிய ஏனையோர் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவரேனும் தள்ளப்படவில்லை. 1960இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாதென்று தீர்ப்பளித்தது. காம்பெலின் வண்டி புறப்பட்ட ஊரிலேயே, பிள்ளைகள் கழகத்திலே வாக்களிக்க, பெற்றோர் நகரத்திலே வாக்கிழந்து நின்றனர்.

இயக்கமும் பிரிவினையினின்று தப்பவில்லை. 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தக் கல்லூரி பணத்தை நிர்வகிப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலச் சட்டசபைகளுக்கு விடப்பட்டது; தென் மாநிலங்கள் அதனை வெள்ளையரின் கல்லூரிகளிடமே ஒப்படைத்தன. வாஷிங்டனிலே 1927இல் தொடங்கிய தேசிய முகாமுக்குத் தென் மாநிலங்களின் கறுப்பினப் பிள்ளைகள் அனுப்பப்படவில்லை. 1948இலே லூயிசியானா மாநிலத்துப் பற்றன் றூச் நகரில், சதேர்ன் பல்கலைக்கழகத்திலே, அவர்களுக்கெனத் தனி முகாம் கூடிற்று. தம்முள் சிறந்தவரைத் தெரிவு செய்ய அவர்களுக்கு உரிமையிருந்தது. தெரிவானவர் எல்லாருக்கும் பொதுவான சபையிலே போய் அமர்வதற்கு உரிமையில்லை.

1964இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் முதலாந் திகதி வட கரோலைனாவின் விவசாய விரிவாக்கச் சேவை, வெள்ளையர் பிரிவு, கறுப்பினத்தவர் பிரிவு என்றிருந்த இரண்டையும் ஒன்றாக்கிற்று. ஐந்து நாட்கள் கழித்து, ஆகஸ்டு 6ஆந் திகதி, வாக்குரிமைச் சட்டத்தில் சனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்டார். பெற்றோருக்கு வாக்குச் சாவடியும் பிள்ளைகளுக்குப் பொதுக் கழகமும் ஒரே வாரத்திலே சட்டப்படி திறக்கப்பட்டன எனலாம்.

சட்டப்படி திறந்த கதவினுள் எத்தனை பேர் புகுந்தனர் என்பது வேறு கேள்வி. இணைப்புக்குப் பின்னரும் கறுப்பினப் போதனாசிரியர் குறைந்த சம்பளமே பெற்றனர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்து வாழ்ந்த ஊர்களிலேகூட, ஓரினப் பிள்ளைகள் மட்டுமே கொண்ட கழகங்கள் பல நீடித்தன. இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1986ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி தீர்ப்பு வெளிவந்தது. சம்பள வேற்றுமை திருத்தப்படல் வேண்டுமென்பதில் நீதிபதிகள் அனைவரும் உடன்பட்டனர். கழகங்களைப் பற்றி மட்டும் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். கழகத்திற் சேர்வது அவரவர் விருப்பம். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆதலால் அரசு இதற்குமேல் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்பது ஐவரின் முடிவு. அரசே வளர்த்த பிரிவினையை அரசே முயன்று நீக்குதல் வேண்டும் என்பது நால்வரின் கருத்து.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் நன்று. விருப்பத்தின்பேரில் வருதல் என்பதுதான் இவ்வியக்கத்தின் உயிர். சம்பளமில்லாத் தலைவருக்குச் செல்வாக்கை அளித்தது அதுவே; சிறுவனைக் கட்டாயமின்றிக் கூட்டத்துக்கு வரச்செய்ததும் அதுவே. அந்த விருப்பமே பின்னர், பழைய வேலிக்குக் காவலாகவும் நின்றது. அறுபது ஆண்டுகள் பிரித்து வளர்க்கப்பட்டவர்கள், இன்று முதல் விரும்பினால் வரலாம் என்ற ஒரு சொல்லினால் ஒன்றாகி விடுவரோ? வாசலைத் திறப்பது ஒரு வேலை. உள்ளிருப்பவர் எழுந்து வந்து அழைப்பது மற்றொரு வேலை. சட்டம் முதலாவதைச் செய்தது. இரண்டாவதைத் தொண்டர்களே செய்திருத்தல் வேண்டும்.

நம்முடைய சனசமூக நிலையங்களிலும் கிராமச் சங்கங்களிலும் வாலிபர் கழகங்களிலும் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெறுகின்றது. பெயர் பிரேரிக்கப்படுகின்றது, ஆமோதிக்கப்படுகின்றது, கரகோசம் எழுகின்றது. தேர்தல் முறையாக நடந்ததா என்று நாம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வியொன்று உண்டு. இக்கூட்டத்துக்கு வராதவர் யாவர்? அவர்கள் வர விரும்பவில்லையா, அன்றி அவர்களை யாரும் அழைக்கவில்லையா? கைகளை எண்ணுவதற்கு முன்பு வெற்றிருக்கைகளை எண்ணிப் பார்க்கும் தலைவரே இளைஞருக்கு வழிகாட்டத் தகுந்தவர். அத்தகையவரைத் தெரிவு செய்யப் பிள்ளைகளைப் பழக்குவது பெரியோரின் கடன்.