கூட்ஸ் வண்டி பொம்மையும் கணக்கு நோட்டும்: மலிவு விலைச் சரக்குப் பெட்டிகளின் கதை

1970-களில் ஒரு அமெரிக்க வீடு. கிறிஸ்துமஸ் காலை. மரத்தடியில் இருந்த பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு ரயில் செட்! அப்பாவும் பிள்ளையும் தரை விரிப்பின் மேல் தண்டவாளத்தை நீள்வட்டமாகப் பூட்டுகிறார்கள். என்ஜின் ஓடுகிறது, பின்னால் ஐந்து சரக்குப் பெட்டிகள். முன்னோக்கிப் போகும்வரை எல்லாம் சுகம். பையன் திருகைத் திருப்பி வண்டியைப் பின்னோக்கித் தள்ளுகிறான். மூன்றாவது பெட்டி தடம் புரள்கிறது. தூக்கி வைத்தால் மறுபடியும் புரள்கிறது. பத்து தடவைக்கு மேல் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? புத்தாண்டு வருவதற்குள் செட் பரண் ஏறிவிடுகிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல, அந்தக் காலத்துப் பல வீடுகளின் கதை. தடம் புரண்டதற்குக் காரணம் பையனும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அந்தப் பெட்டியின் விலையை எந்த இடத்தில் குறைத்தார்கள் என்பதுதான் காரணம். மலிவான சரக்குப் பெட்டிகளின் வரலாறு உண்மையில் ஒரு அடக்கவிலைக் கணக்குப் பாடம்.

ஒரு பெட்டிக்கு என்ன வேண்டும்?

அமெரிக்காவில் மிகவும் பரவலான மாதிரி ரயில் அளவு எச்.ஓ. அசல் ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்குவது. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 40 அடி நீளமுள்ள அசல் சரக்குப் பெட்டி இந்த அளவில் ஏறக்குறைய ஐந்தரை அங்குலம் வரும். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இந்தச் சின்னப் பெட்டி ஒழுங்காக ஓட மூன்று விஷயங்கள் சரியாக இருந்தாக வேண்டும். எடை, சக்கரம், கப்ளிங்.

எடை குறைந்தால் வளைவில் பெட்டி சாயும். 1935-ல் மில்வாக்கியில் தொடங்கிய என்.எம்.ஆர்.ஏ. என்ற தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு சூத்திரமே தந்திருக்கிறது. எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், பிறகு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டி என்றால் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். ஒரு வேடிக்கை பாருங்கள். சரக்கேற்றிய 75 டன் பெட்டியை மூன்று திசையிலும் 87 பங்கு சுருக்கினால் எடையும் ஏறக்குறைய 114 கிராம்தான் வருகிறது!

சக்கரத்துக்கும் அந்தச் சங்கம் ஒரு வடிவத்தைப் பரிந்துரைத்தது. உள்விளிம்பு எவ்வளவு இறங்க வேண்டும், எப்படி வளைய வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு.

கப்ளிங்தான் தகராறு. அசல் அமெரிக்க ரயில்களில் இருப்பது எலி ஜேனி 1873-ல் காப்புரிமை பெற்ற, மடக்கிய விரல்களைப் போன்ற கப்ளிங். அதைப் பொம்மை அளவில் செய்து காட்டியவர்கள் ஓரிகான் மாநிலத்தின் கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள். இருவரின் பெயரின் முதலெழுத்துகளே கம்பெனியின் பெயரானது: கேடி. அருமையாக வேலை செய்யும். ஆனால் காப்புரிமை அவர்களிடம், விலையும் கூடுதல்.

1950-களில் என்.எம்.ஆர்.ஏ. வட்டாரத்தில் எக்ஸ்-2-எஃப் என்ற இன்னொரு கப்ளிங் உருவானது. கொம்பும் கொக்கியுமாக இருக்கும் அந்த பிளாஸ்டிக் துண்டு அசல் ரயிலைப் போல இருக்காது. சங்கம் அதை அதிகாரபூர்வ தரமாக ஏற்கவும் இல்லை. ஆனாலும் யாருக்கும் உரிமத் தொகை கட்டத் தேவையில்லை, வார்ப்பதும் எளிது. கம்பெனிகள் விடுவார்களா? பல ஆண்டுகள் ஏறக்குறைய எல்லா மலிவுப் பெட்டியிலும் அதுதான் இருந்தது.

நீலப் பெட்டி

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாதிரி ரயில்காரர்கள் பெரும்பாலும் மரத்தையும் உலோகத்தையும் வெட்டி ஒட்டிப் பெட்டி செய்தவர்கள். ஒரு பெட்டிக்குப் பல மாலை நேரங்கள் போகும். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாவின் இர்வ் அதர்ன். முதலில் உலோகக் கிட் விற்ற அவர், 1950-களின் நடுவில் பிளாஸ்டிக் வார்ப்புக்கு மாறினார்.

வணிகவியல் மாணவருக்கு இங்கே ஒரு பழக்கமான பாடம் தெரியும். வார்ப்பு அச்சு செய்ய ஆகும் தொகை நிலையான செலவு. ஆயிரம் பெட்டி வார்த்தாலும் லட்சம் பெட்டி வார்த்தாலும் அச்சின் விலை ஒன்றுதான். எண்ணிக்கை கூடக் கூடப் பெட்டி ஒன்றின் தலையில் விழும் பங்கு குறையும். எண்ணிக்கையைக் கூட்ட வழி? ஒரே அச்சில் வார்த்த பெட்டிக்கு விதவிதமான வண்ணம் அடித்து சாண்டா ஃபே, பென்சில்வேனியா, யூனியன் பசிஃபிக் என்று வெவ்வேறு ரயில்வேயின் பெயரை எழுதுவது. அசலில் அந்தந்த ரயில்வேயின் பெட்டி கொஞ்சம் மாறித்தான் இருக்கும். நுணுக்கம் பார்ப்பவர்கள் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் மகிழ்ச்சியாக வாங்கினார்கள்.

அதர்ன் குறைத்த அடுத்த செலவு கூலி. நீல நிற அட்டைப் பெட்டிக்குள் மேல்கூடு, அடித்தளம், எடைக்கு ஓர் இரும்புத் தகடு, சக்கரங்கள், கப்ளிங் எல்லாம் தனித்தனியாக இருக்கும். வாங்கியவர் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் பூட்டிவிடலாம். 'பெட்டியைக் குலுக்கினாலே வண்டி தயார்' என்று கிண்டல் செய்யும் அளவுக்குச் சுலபம்.

அவற்றில் குறை இல்லாமல் இல்லை. கைப்பிடிக் கம்பிகள் தனியாக இல்லாமல் மேல்கூட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டவை. கதவைப் பிடிக்கும் கொக்கிகள் அளவுக்கு மீறித் தடிமன். சக்கரம் பிளாஸ்டிக், கப்ளிங் அதே கொம்புக் கொக்கி. ஆனால் ஒரு விஷயத்தில் அதர்ன் கை வைக்கவில்லை. கப்ளிங்கைப் பெட்டியின் அடித்தளத்தோடு பொருத்தினார். பிறகு யாராவது கேடி கப்ளிங் போட விரும்பினால் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். அடிப்படை சரியாக இருந்ததால் மேம்படுத்தவும் வழி இருந்தது.

கடைக் கண்ணாடிக்குத் தெரியாத செலவு

இன்னொரு பக்கம் டைகோ. நியூ ஜெர்சியில் ஜான் டைலர் 1926-ல் தொடங்கிய மான்டுவா என்ற கம்பெனியின் வாரிசு இது. டைலர் கம்பெனி என்பதன் சுருக்கமே டைகோ. 1970-ல் இதை கன்சாலிடேட்டட் ஃபுட்ஸ் என்ற பெரிய உணவுக் கம்பெனி வாங்கியது. உற்பத்தி படிப்படியாக ஹாங்காங் பக்கம் நகர்ந்தது. பொழுதுபோக்குக் கடையை விட, பெரிய பல்பொருள் கடைகளும் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியல்களுமே முக்கியச் சந்தையாயின. பாக்மன், லைஃப்-லைக் போன்றவர்களும் இதே சந்தையில் போட்டியிட்டார்கள்.

இந்த வகை செட்டுகளில் கப்ளிங் பெட்டியின் அடித்தளத்தில் இருக்காது. பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்தோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். அமெரிக்கர்கள் அந்தச் சட்டத்தை 'டிரக்' என்பார்கள். இதில் ஓர் உதிரி பாகம் மிச்சம், பொருத்தும் கூலியும் மிச்சம். நியாயமாகச் சொன்னால் காரணம் காசு மட்டும் இல்லை. செட்டில் வரும் வளைவின் ஆரம் வழக்கமாக 18 அங்குலம். அசல் அளவில் அது சுமார் 40 மீட்டர்தான்! எந்த முக்கிய ரயில் பாதையும் அப்படி வளையாது. சட்டத்தோடு கப்ளிங்கும் சேர்ந்து திரும்பினால் இந்த வளைவைச் சுலபமாகக் கடக்கலாம்.

இழுக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். தள்ளும்போதுதான் வினை. பின்னாலிருந்து வரும் விசை நேராகப் பெட்டியைத் தள்ளாமல் சட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பும். கொம்புக் கொக்கியும் இயல்பிலேயே பக்கவாட்டில் அழுத்தக்கூடியது. மேலே போதிய எடையும் இல்லையென்றால் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். கிறிஸ்துமஸ் காலையில் மூன்றாவது பெட்டிக்கு நடந்தது இதுதான்.

சக்கரத்திலும் இதே கதை. விரிப்பின் மேல் கோணல்மாணலாகப் பூட்டிய தண்டவாளத்திலும் நிற்க வேண்டும் என்று விளிம்பை ஆழமாக வைத்தார்கள். 'பீட்சா வெட்டும் கத்தி' என்று அதற்குப் பட்டப்பெயர். பின்னாளில் பையன் வளர்ந்து, அசலைப் போன்ற உயரம் குறைந்த தண்டவாளம் வாங்கினால் அந்த விளிம்பு ஆணிகளில் தட்டித் தட்டி ஓடும். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைச் சேர்த்துத் தண்டவாளத்தில் பூசும். என்ஜினுக்கு மின்சாரம் வருவதோ அதே தண்டவாளம் வழியாகத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எடை, சக்கரம், கப்ளிங் மூன்றின் குறையும் கடையில் தெரியாது. அங்கே தெரிவது வண்ணமும் விலையும் மட்டுமே. டைகோ கை மாறிய அதே 1970-ல்தான் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞரின் பழைய கார் சந்தை பற்றிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. வாங்குபவருக்குத் தரம் தெரியாத சந்தையில் நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, மட்டமான சரக்கு அதை வெளியேற்றிவிடும் என்பது அதன் சாரம். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். பொம்மை ரயில் செட்டுக்கும் அந்த வாதம் அப்படியே பொருந்துகிறது. கண்ணுக்குத் தெரியாத 50 கிராம் எடைக்குச் செலவு செய்தவர், அதைச் செய்யாதவரை விடக் கடையில் விலை கூடுதலாகத் தெரிவார். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

ஆனால் முற்றின கத்திரிக்காய் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்! வீட்டுத் தண்டவாளத்தில் வந்தது. ரயில் என்றாலே தடம் புரளும் பொம்மை என்று ஒரு தலைமுறையில் பலர் முடிவு கட்டிக்கொண்டார்கள். இழப்பு ஒரு கம்பெனிக்கு மட்டும் அல்ல, அந்தப் பொழுதுபோக்குக்கே.

குறைந்த செலவு எங்கே போனது?

விடாப்பிடியான சிலர் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிச் சரி செய்தார்கள். சட்டத்தையும் கப்ளிங்கையும் கழற்றிவிட்டு, அடித்தளத்தில் கேடி கப்ளிங்கைப் பொருத்தினார்கள். உலோகச் சக்கரம் போட்டார்கள். உள்ளே நட்டோ நாணயமோ வைத்து எடையைக் கூட்டினார்கள். பெட்டி அழகாக ஓடியது. மேல்கூட்டின் வார்ப்பு அப்படி ஒன்றும் மோசமில்லை என்பது அப்போது புரிந்தது. ஆனால் மாற்றிய பாகங்களின் விலையையும் உழைப்பையும் கூட்டினால் பல சமயம் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும்.

ஆக, எந்தச் செலவும் மாயமாய் மறைவதில்லை. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாறுகிறது. அதர்ன் பூட்டும் வேலையை வாங்குபவர் கணக்கில் எழுதினார். ஆனால் அட்டையைத் திறந்ததுமே அது தெரியும். வாங்கியவர் தெரிந்தேதான் வாங்கினார், பலருக்கு அந்த வேலையே இன்பமாகவும் இருந்தது. செட் விற்றவர்களும் வாங்குபவர் கணக்கில்தான் எழுதினார்கள். ஆனால் அது தெரிய வந்தது பணம் கொடுத்த பிறகு, ஒரு குழந்தையின் முன்னால்.

பிறகு காலம் மாறியது. 1987-ல் பாக்மன், ஹாங்காங்கின் கேடர் நிறுவனத்திடம் போனது. கேடி கப்ளிங்கின் காப்புரிமை 1990-களின் கடைசியில் காலாவதியாக, மற்ற கம்பெனிகளும் அதே மாதிரி கப்ளிங்கைப் போட ஆரம்பித்தார்கள். கொம்புக் கொக்கி மெல்ல மறைந்தது. சக்கரங்களும் உலோகத்துக்கு மாறின. சீனத் தொழிற்சாலைகளில் பூட்டப்பட்டு, எடுத்ததும் ஓடும் பெட்டிகள் வந்தன. பழைய குறைகள் பெரும்பாலும் தீர்ந்தன.

கூடவே ஒன்று போனது. இர்வ் அதர்ன் 1991-ல் காலமானார். கம்பெனியை 2004-ல் ஹொரைசன் ஹாபி வாங்கியது. சில ஆண்டுகளில் நீலப் பெட்டிக் கிட்டுகளும் நிறுத்தப்பட்டன. இன்று கிடைக்கும் பெட்டிகள் அழகிலும் ஓட்டத்திலும் எவ்வளவோ மேல், விலையிலும் மேல்தான். பாக்கெட் மணியில் மாதம் ஒரு பெட்டி வாங்கி, தானே பூட்டி, இருபது பெட்டி கூட்ஸ் வண்டி சேர்த்த ஒரு பள்ளிப் பையனுக்கு இருந்த படிக்கட்டு, அவனைப் போன்ற இன்னொருவனுக்கு இன்று அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

மலிவு என்பது குற்றம் அல்ல. ஒரு பொருளை எல்லோர் கைக்கும் கொண்டு சேர்ப்பது மலிவு விலைதான். விலை குறைந்த பொருளைப் பார்த்ததும் ‘எவ்வளவு குறைத்தார்கள்’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘எதைக் குறைத்தார்கள், அது யார் கணக்கில் ஏறியது’ என்றும் கேட்டுப் பழகலாம். அதற்குச் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது: பெட்டியை ஒரு முறை பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது.